மருந்து ஏன் கேட்கலை? இனிப்பில்லாத நீரிழிவின் கதை

நெமிலிச்சேரியில் லோக்கல் ட்ரெயின் ஏறி சென்ட்ரல் போறவங்களுக்கு ஒரு விஷயம் தெரியும். கிட்டத்தட்ட ஒரு மணி நேரப் பயணம், பெட்டியில் கழிப்பறை கிடையாது. நம்மில் பலர் அதைக் கவனிச்சிருக்கவே மாட்டோம். ஆனா அரை மணிக்கு ஒரு தடவை சிறுநீர் கழிச்சே ஆகணும், வில்லிவாக்கம் வர்றதுக்குள்ள ஒரு லிட்டர் பாட்டில் காலியாகிடும்ங்கிற நிலைமையில ஒருத்தர் இருந்தா?

அந்த நோய்க்குப் பெயர் டயாபடிஸ் இன்சிபிடஸ். சர்க்கரைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, வாசோப்ரெசின் என்ற ஹார்மோனை வெளியிடுகிறது. "தண்ணியை வீணாக்காதே, சேர்த்து வை" என்று சிறுநீரகத்துக்குப் போகும் உத்தரவு அது. சிலருக்கு அந்த உத்தரவே வராது. சிலருக்கு வரும், சிறுநீரகம் காதில் வாங்காது. ஒரு நாளைக்கு 3 லிட்டருக்கு மேல் சிறுநீர் போகும். கடுமையான நிலையில் 15, 20 லிட்டர் வரைக்கும்கூடப் போகும்.

மருந்து இருக்கு. நல்லாவே வேலை செய்யும். ஆனா சில பேருக்கு ஒரு கட்டத்துல "முன்ன மாதிரி கேட்கலையே"ன்னு ஆகிடும். இந்த எபிசோட் அதைப் பத்திதான். ஏன்னா இந்தப் புகார் புதுசு இல்லை, நூறு வருஷமா இருக்கு.

முதல்ல பெயர். சரகர், சுஸ்ருதர் பெயரில் உள்ள ஆயுர்வேத நூல்கள் 20 வகை மேகங்களைச் சொல்கின்றன. தேன் மாதிரிப் போவது மதுமேகம், தண்ணீர் மாதிரித் தெளிவாகப் போவது உதகமேகம். உதகமேகம்தான் இன்றைய இன்சிபிடஸ் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பவில்லை. ஐரோப்பாவில் 1674இல் தாமஸ் வில்லிஸ் சிறுநீரின் இனிப்பை எழுதி வைத்தார். ஆமாம், ருசி பார்த்துத்தான். 1794இல் யோகான் பீட்டர் ஃபிராங்க் இனிப்பில்லாத வகையைத் தனியாகப் பிரித்தார். இன்சிபிடஸ் என்றால் லத்தீனில் சப்பென்று இருப்பது. நம்ம "நீரிழிவு"ங்கிற சொல்லைப் பாருங்க. அதில் சர்க்கரையே இல்லை, நீர்தான் இருக்கு. எனக்கென்னவோ அது இந்த நோய்க்குத்தான் கச்சிதமாப் பொருந்துதுன்னு தோணுது.

சிகிச்சை என்று ஒன்று வந்தது 1913இல்தான். இத்தாலியில் ஃபரினி, ஜெர்மனியில் ஃபான் டென் வெல்டன், இருவரும் தனித்தனியாக, விலங்குகளின் பிட்யூட்டரி பின்பகுதிச் சாற்றை ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். சிறுநீர் குறைந்தது. ஆனால் சில மணி நேரம்தான். பிறகு மறுபடி ஊசி. வாய் வழியாகக் கொடுத்தால் வயிறு அதைச் செரித்துவிடும். அதனால் 1920களில் மூக்கு வழியைப் பிடித்தார்கள். சுரப்பியைக் காயவைத்துப் பொடியாக்கி, மூக்குப்பொடி மாதிரி உறிஞ்சுவது.

மருந்து கேட்காமல் போகும் கதை இங்கேயே ஆரம்பமாகிறது. தினமும் பொடி போட்டால் மூக்கின் உள்தோல் புண்ணாகும், தடிக்கும். மருந்து உள்ளே போவது குறையும். சிலருக்கு அலர்ஜி, ஆஸ்துமா வேறு.

அடுத்து வந்தது எண்ணெய் ஊசி. வாசோப்ரெசின் டேனேட்டைக் கடலை எண்ணெயில் கலந்து கொடுத்தார்கள். ஒரு ஊசி ஒன்றிரண்டு நாள் தாங்கும். ஆனால் மருந்து பழுப்புத் துகளாக ஆம்பூலின் அடியில் தங்கிவிடும், நம் வீட்டு எண்ணெய்ப் பாட்டிலில் மண்டி தங்குவது போல. கையில் வைத்துச் சூடாக்கி, நன்றாகக் குலுக்கித்தான் ஏற்ற வேண்டும். குலுக்காமல் போட்டால் உடம்புக்குப் போவது பெரும்பாலும் வெறும் கடலை எண்ணெய்! நோயாளி "கேட்கலை" என்பார். கோளாறு நோயிலும் இல்லை, மருந்திலும் இல்லை. பிற்பாடு 1980களில் இன்னொரு காரணமும் தெரிய வந்தது. வெளியிலிருந்து வரும் வாசோப்ரெசினுக்கு எதிராகச் சிலரது உடம்பே ஆன்டிபாடி தயாரித்து அதைச் செயலிழக்க வைத்திருந்தது.

1954இல் அமெரிக்காவின் வின்சென்ட் டு விக்னோ வாசோப்ரெசினைச் செயற்கையாகச் செய்தார். அடுத்த ஆண்டு அவருக்கு வேதியியல் நோபல். 1967இல் பிராகில் மிலான் சவோரல் குழு அந்த மூலக்கூறில் இரண்டே இடத்தைக் கொஞ்சம் மாற்றி டெஸ்மோப்ரெசினை உருவாக்கியது. உடம்பின் என்சைம்களால் இதைச் சுலபமாக உடைக்க முடியாது. கர்ப்ப காலத்தில் நஞ்சுக்கொடியிலிருந்து வரும் ஒரு என்சைம் வாசோப்ரெசினை உடைத்துத் தள்ளும், ஆனா டெஸ்மோப்ரெசின்கிட்ட அதோட ஜம்பம் பலிக்காது. இன்றுவரை முதன்மை மருந்து இதுதான்.

சிறுநீரகமே காது கேளாத வகைக்கு இதனால் பெரிதாகப் பயனில்லை. அதற்கு வழி வந்த விதம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். 1959இல் கிராஃபோர்டு, கென்னடி என்ற இருவர் தயசைடு மாத்திரையை முயன்றார்கள். அது சிறுநீரை அதிகமாக்கும் மாத்திரை! பிரஷருக்கும் கால் வீக்கத்துக்கும் தருவது. அதைக் கொடுத்ததும் சிறுநீர் குறைந்தது. காரணம் உப்பு. மாத்திரை உப்பை வெளியேற்றுகிறது. உடம்பில் உப்பும் நீரும் சற்றுக் குறைந்ததும், சிறுநீரகம் வடிகட்டிய நீரைத் தொடக்கத்திலேயே அதிகமாகத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. அதனால்தான் இந்த வகைக்கு டாக்டர்கள் உப்பில் கை வைக்கிறார்கள். ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் சேர்ந்த சாப்பாட்டுக்கு முன்னால் மாத்திரை தோற்றுப்போகும். மனநலத்துக்கு வருஷக்கணக்கில் லித்தியம் எடுப்பவர்களுக்கும் இந்த வகை வரலாம். அவர்களுக்கு அமிலோரைடு என்ற மாத்திரையும் உதவுகிறது.

இன்னொரு வேடிக்கை. 1966இல் குளோர்ப்ரோபமைடு என்ற சர்க்கரை மாத்திரை, சர்க்கரையே இல்லாத இந்த நீரிழிவுக்கும் உதவுவதாகக் கண்டார்கள். சிறுநீர் குறைந்தது, கூடவே ரத்தச் சர்க்கரையும் இறங்கித் தொலைத்தது. டெஸ்மோப்ரெசின் வந்ததும் அதை ஓரம்கட்டினார்கள்.

இப்ப ஒரு டாக்டர்கிட்ட போய் "மருந்து கேட்கலை"ன்னா அவர் கேட்கிற கேள்விகள்ல இந்த வரலாறு முழுக்க இருக்கும். ஸ்ப்ரேயா? சளி பிடிச்சிருக்கா? மூக்கடைப்பில் மருந்து உள்ளே போகாது. ஃபிரிட்ஜில் வைக்க வேண்டிய வகையை, கரண்ட் போன மே மாசத்துல வெளியில வெச்சிருந்தீங்களா? மாத்திரையா? வாய் வழியே போவதில் மிகச் சொற்பமே ரத்தத்தில் சேருகிறது. மூக்கில் 10 மைக்ரோகிராம் என்றால் மாத்திரை 100, 200 என்று இருப்பது அதனால்தான். சாப்பாட்டோடு போட்டால் அந்தச் சொற்பமும் குறையும். புதுசா வேற மாத்திரை ஏதாவது? சர்க்கரையும் சேர்ந்து வந்திருக்கா? இதையெல்லாம் பார்த்த பிறகுதான் அளவை மாற்றுவார்கள்.

நாமே ஒரு மாத்திரை கூடப் போட்டுக்கலாம்னு மட்டும் நினைக்காதீங்க, ப்ளீஸ். மருந்து அதிகமாகி, பழக்கத்தில் தண்ணீரும் நிறையக் குடித்தால், ரத்தத்தில் சோடியம் சரிந்துவிடும். தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு வரை போகும். அளவை மாற்றும்போது சோடியம் டெஸ்ட் எடுக்கச் சொல்வது அதற்குத்தான்.

எதிர்ப்பக்கம் இன்னும் கொடுமை. 2009இல் லண்டனில் இந்த நோயுள்ள 22 வயது இளைஞர் ஒருவர் இடுப்பு அறுவை சிகிச்சைக்காக மருத்துவமனையில் சேர்ந்தார். அங்கே அவருடைய வழக்கமான மருந்து தரப்படவில்லை. தாகம் தாங்காமல் படுக்கையிலிருந்தே போலீசுக்கு போன் செய்தார். நீரிழப்பில் இறந்துபோனார். "டயாபடிஸ்" என்ற சொல்லைப் பார்த்ததும் சர்க்கரை என்று நினைத்துக்கொள்ளும் குழப்பத்தால் நோயாளிகளுக்கு ஆபத்து நேர்வதாக நிபுணர்கள் தொடர்ந்து சொல்லிவந்தார்கள். 2022இல் சர்வதேச மருத்துவக் குழு ஒன்று பெயரையே மாற்றப் பரிந்துரைத்தது. ஹார்மோன் வராத வகை ஆர்ஜினைன் வாசோப்ரெசின் குறைபாடு, சிறுநீரகம் கேட்காத வகை ஆர்ஜினைன் வாசோப்ரெசின் எதிர்ப்பு.

புதுப் பெயர் எல்லா ஆஸ்பத்திரி வார்டுக்கும் வந்து சேர நாளாகும். அதுவரைக்கும், உங்க வீட்ல யாருக்காவது இது இருந்தா, எந்தக் காரணத்துக்காக அட்மிட் பண்ணினாலும் கேஸ் ஷீட்ல ஒரு வரி எழுதச் சொல்லுங்க: "இது சர்க்கரை நோய் இல்லை. இவருக்கு டெஸ்மோப்ரெசினையும் தண்ணீரையும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது."