கடல் கலந்த குருதி

பெக்கான் நானாஸ் என்ற பெயரில் ஒளிவுமறைவு ஏதும் இல்லை. மலாயில் பெக்கான் என்றால் சிறு பட்டணம். நானாஸ் என்றால் அன்னாசி. மலேசியாவின் பொந்தியான் மாவட்டத்துக் கரிமண்ணில் விளைந்த பழமே ஊருக்குப் பெயராகிவிட்டது. நம் அன்னாசியும் அவர்களின் நானாஸும் தென் அமெரிக்கத் துப்பி மொழியில் பிறந்து, போர்த்துக்கீசியர் வாய்வழி வந்த ஒரே சொல்தான்.

நோய்களுக்கு இப்படி நேர்மையான பெயர் வாய்ப்பது அபூர்வம். மலேசியாவில் 2016இல் நான்காம் படிவ மாணவர்களுக்கு ரத்தம் எடுத்துச் சோதிக்கத் தொடங்கினார்கள். தேடியது தலசீமியா என்ற பரம்பரை இரத்தசோகையை.

1925இல் டெட்ராய்ட் நகரின் குழந்தை மருத்துவர் தாமஸ் கூலி, வெளுத்து, மண்ணீரல் வீங்கி, முக எலும்பு புடைத்த சில குழந்தைகளைப் பற்றி எழுதினார். அதனால் நோய் 'கூலி இரத்தசோகை' ஆனது. (நம் தோட்டத்துக் கூலிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) 1932இல் ஜார்ஜ் விப்பிளும் வில்லியம் பிராட்ஃபோர்டும் தலசீமியா என்று புதுப்பெயர் சூட்டினார்கள். கிரேக்கத்தில் தலசா கடல், ஹைமா குருதி. நோயாளிகள் பெரும்பாலும் இத்தாலிய, கிரேக்க வம்சாவளியினர் என்பதால் மத்தியதரைக் கடல் பெயரில் ஏறியது. 'அனீமியா' (இரத்தசோகை) என்பதில் உள்ள, இன்மையைக் குறிக்கும் முன்னொட்டு இதில் இல்லை. ஆக, குருதிக் குறைவு என்ற பொருளே போய்விட்டது, மிஞ்சியது கடலும் குருதியும்தான்.

அந்தக் கடலும் தவறான முகவரி. நோயின் வரைபடம் மத்தியதரையோடு நிற்காமல் அரபு நாடுகள், இந்தியா, தென்கிழக்காசியா என்று நீள்கிறது. 1949இல் மரபியலாளர் ஹால்டேன் ஒரு காரணம் சொன்னார்: பழுதான மரபணு ஒன்று மட்டும் உள்ளவர்களை மலேரியா எளிதில் கொல்வதில்லை, ஆகவே காய்ச்சல் மிகுந்த நாடுகளில் அந்த மரபணு பெருகியது. சார்டினியாவில் மலையூர்களைவிடத் தாழ்நிலத்து ஊர்களில் இது அதிகம் தென்பட்டது. 'மலேரியா' மட்டும் என்ன ஒழுங்கு? இத்தாலியத்தில் அது 'கெட்ட காற்று'. காற்றல்ல, கொசுதான் என்று ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் 1897இல் கண்டார். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் அதே காய்ச்சல் தமிழரை வாரிக்கொண்டு போனது.

ஒரு மரபணுவில் மட்டும் பழுதுள்ளவர் பொதுவாக நலமாகவே இருப்பார். பலருக்கு அது தெரியவே தெரியாது. சிலர் வீணாக இரும்புச்சத்து மாத்திரை தின்பதும் உண்டு. அத்தகைய இருவர் மணந்தால் ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு, இரண்டும் பழுதாகப் பிறக்க. பீட்டா எனும் தலசீமியா வகையின் கடுமையான வடிவில் பிள்ளை பிறக்கும்போது கொழுகொழுவென்றிருக்கும். ஆறு மாதத்துக்குப் பின் கருப்பைக்கால ஹீமோகுளோபின் குறையக் குறைய வெளுக்கும், பால் குடிக்கச் சோரும். பிறகு மூன்று நான்கு வாரத்துக்கொரு முறை ரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றிய ரத்தத்தின் இரும்பு இதயத்திலும் ஈரலிலும் தேங்கும்; அதை வெளியேற்ற மாத்திரை, அல்லது இரவு முழுதும் தோலுக்கடியில் சொட்டும் மருந்து பம்ப்.

நம் வைத்திய நூல்களில் பாண்டு என்ற சொல் உண்டு. வெளிறிய நிறம் என்று பொருள். அது கண்ணில் பட்டதைச் சொன்னதோடு நிறுத்திக்கொண்டது. கடலைத் தேடிப் போகவில்லை.

இன்றைய ஆய்வுக்கூடத் தாளில் கடலும் இல்லை, நிறமும் இல்லை. இந்தியத் துணைக்கண்டத்தாரிடம் மிகப் பரவலான பீட்டா பழுதின் பெயர் 'ஐவிஎஸ் 1-5'. பீட்டா குளோபின் மரபணுவின் முதல் இடைவெளித் துண்டில், ஐந்தாம் எழுத்தாக 'ஜி' இருக்கவேண்டிய இடத்தில் 'சி' வந்துவிட்டது என்று அதற்குப் பொருள்.