தொடாமலே ஒலிக்கும் ‘ஒளி யாழ்’... லேசர் ஹார்ப் எப்படி வேலை செய்கிறது? கமகம் வாசிக்க முடியுமா?

மதுரை மீனாட்சி அம்மன் கோயில் இசைத்தூண்களில் சுரம் கேட்க கல்லைத் தட்ட வேண்டும். வீணையில் தந்தியை மீட்ட வேண்டும். ஆனால், எதையும் தொடாமல் ஒளிக்கற்றைக்கு நடுவே கையை வெச்சாலே ஒலிக்கும் கருவி ஒன்று உண்டு. அதுதான் லேசர் ஹார்ப்.

எப்போது பிரபலமானது?

பிரான்ஸ் நாட்டு இசைக்கலைஞர் ஜான் மிஷெல் ஜார், 1981-ல் சீனாவில் நடத்திய இசை நிகழ்ச்சிகளில் இதைப் பயன்படுத்தினார். அதன் பிறகு உலகம் முழுக்கப் பேசப்பட்டது.

எப்படி வேலை செய்கிறது?

ஒவ்வொரு லேசர் கற்றைக்கும் எதிரே ஒளி உணரி ஒன்று இருக்கும். கை மறைத்தால் உணரியில் வெளிச்சம் குறையும். அதைக் கண்டதும் மின்சுற்று அந்தச் சுரத்தை ஒலிக்கும். அவ்வளவுதான் சமாச்சாரம்.

வீட்டில் செய்ய முடியுமா?

முடியும். ஆர்டுயினோ ஊனோ போர்டில் அனலாக் உள்ளீடுகள் 6 தான். ஏழு சுரத்துக்கே பத்தாது. நானோ போர்டில் 8 இருப்பதால், மேல் சட்ஜமத்தோடு சேர்த்து சரியாக அமைந்துவிடும். சட்ஜமம் 240 ஹெர்ட்ஸ் என்றால் பஞ்சமம் 360, மேல் சட்ஜமம் 480.

மாயாமாளவகௌளையிலிருந்து கல்யாணிக்குப் போக, புரோகிராமில் ரி, ம, த ஆகிய மூன்றின் எண்களை மட்டும் மாற்றினால் போதும்.

மதுரை வெயிலில் ஒரு சிக்கல் உண்டு. சூரிய ஒளியும் உணரியில் விழுந்தால், கை மறைத்தது தெரியாது. உணரியைக் கறுப்புக் குழாய்க்குள் வைத்தால் இது பெருமளவு குறையும்.

கமகம் வருமா?

இங்கேதான் பிரச்னை. சாதாரண லேசர் ஹார்ப்புக்கு ‘கை இருக்கு, இல்லை’ என்பது மட்டுமே தெரியும். சுரத்தை அசைக்கவோ, வழுக்கிச் செல்லவோ முடியாது. கை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளக்கும் தூர உணரியைச் சேர்த்தால், அதற்கேற்ப சுருதியை ஏற்றி இறக்கலாம். கர்நாடக இசைக்கு இது அவசியம்.

கண் பத்திரம்!

1 மில்லிவாட்டுக்கு மேற்படாத லேசர் போதும். லேபிளில் உள்ளதைவிடச் சக்தி அதிகமான மலிவு லேசர்களும் சந்தையில் இருக்கின்றன, கவனம் தேவை. கற்றை மேலிருந்து கீழாக, சட்டத்துக்குள்ளேயே முடியட்டும். மோதிரம், வளையல், வாட்ச் ஒளியைத் திருப்பி அடிக்கும் என்பதால் கழற்றிவிடுங்கள். பள்ளிக் கண்காட்சியில் வைத்தால், கற்றைக்கு நேராக எந்தக் குழந்தையும் குனிந்து பார்க்காதபடி ஆசிரியர் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.