மரை கழண்ட வரலாறு: ஹெரால்டும் மூணு செட் ஸ்பேனரும்

"அவனுக்கு மரை கழண்டுடுச்சு"ன்னு சர்வ சாதாரணமா திட்டுறோம். மரைன்னா வேற ஒண்ணுமில்லை, போல்ட்டுல சுத்திச் சுத்தி ஏறிப்போகுமே, அந்த வெட்டு. மெக்கானிக் ஷெட்ல இருந்து நம்ம வசவு வரைக்கும் வந்துட்ட இந்த மரைக்குப் பின்னாடி நூத்தி எண்பது வருஷத்துக்கும் மேலான சண்டை ஒண்ணு இருக்கு. பழைய கார் எஞ்சின்ல கை வைக்க எந்த ஸ்பேனர் வாங்கணும்னு கேட்டா, பதில் கடைக்காரர்கிட்ட இல்லை, இந்தச் சண்டையிலதான் இருக்கு. மெக்கானிக்கல் படிச்சுட்டு சாஃப்ட்வேர்ல ஆணி புடுங்கிட்டிருக்கிற நான், நிஜ ஆணி பத்தி எழுதக் கிடைச்ச வாய்ப்பை விடுவேனா? :-)

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுத்துக்கோங்க.

விட்வொர்த் காலம்

ஒரு காலத்துல இங்கிலாந்துல பட்டறைக்குப் பட்டறை ஒரு மரை. இந்தப் பட்டறை போல்ட்டு அந்தப் பட்டறை நட்டுல ஏறாது. ஜோசப் விட்வொர்த் என்ற பொறியாளர் பல பட்டறைகள்ல இருந்து போல்ட்டுகளைச் சேகரிச்சு, ஒப்பிட்டுப் பார்த்து, 1841-ல் ஒரு பொது அளவை முன்வைத்தார். மரையின் கோணம் 55 டிகிரி. இந்தத் தடிமனுக்கு ஓர் அங்குலத்துக்கு இத்தனை மரைன்னு கணக்கு. ரயில்வே கம்பெனிகள் அதைப் பிடிச்சுக்கிட்டாங்க. பிரிட்டிஷ் இயந்திரம் போன இடமெல்லாம் விட்வொர்த்தும் போச்சு, நம்ம ஊர் உட்பட. 1908-ல் இதுக்கே இன்னும் நெருக்கமான மரையோட பி.எஸ்.எஃப். வந்தது.

இதுல ஒரு குழப்பம் இருக்கு. விட்வொர்த் ஸ்பேனர்ல '1/4 டபிள்யூ'ன்னு போட்டிருந்தா, அதோட வாய் கால் அங்குலம் இல்லை. போல்ட்டோட தண்டுதான் கால் அங்குலம். ஸ்பேனர் வாய் 0.525 அங்குலம், அதாவது 13.3 மி.மீ. இதே ஸ்பேனர் 5/16 பி.எஸ்.எஃப். போல்ட்டுக்கும் பொருந்தும்ங்கறதால ஒரே வாயில ரெண்டு அளவும் அடிச்சிருப்பாங்க. முதல் தடவை பாக்கிறவனுக்கு நிஜமாவே மரை கழண்டுடும்.

போர் கொண்டுவந்த சமாதானம்

அமெரிக்காக்காரன் சும்மா இருப்பானா? 1864-ல் வில்லியம் செல்லர்ஸ் 60 டிகிரி கோணத்துல தனி மரை கொண்டுவந்தார். ரெண்டு நாடும் அவங்கவங்க வழியில போயிட்டிருந்தாங்க. சிக்கல் முத்தினது இரண்டாம் உலகப்போர்ல. ரோல்ஸ்-ராய்ஸின் மெர்லின் விமான எஞ்சினை அமெரிக்காவின் பக்கார்டு கம்பெனி செய்ய வேண்டி வந்தப்போ, அமெரிக்கத் தொழிற்சாலையில பிரிட்டிஷ் மரையைத்தான் வெட்ட வேண்டியிருந்தது. ஒரே பக்கம் நின்னு போர் செய்யுற நாடுகளோட நட்டு போல்ட்டு ஒண்ணுக்கொண்ணு சேரலை!

பட்ட பாட்டுல புத்தி வந்து, 1948 நவம்பர் 18 அன்னிக்கு வாஷிங்டன்ல அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூணும் பொது மரைக்கு ஒத்துக்கிட்டாங்க. அதுதான் யூனிஃபைட் மரை. இதுக்கான ஸ்பேனர்ல 'ஏ.எஃப்.'னு இருக்கும். தலையோட ஒரு தட்டைப் பக்கத்துல இருந்து எதிர்த் தட்டைப் பக்கம் வரைக்குமான தூரம்னு அர்த்தம். 1/2 ஏ.எஃப்.னா வாய் நிஜமாவே அரை அங்குலம். அப்பாடா.

நம்ம பதிவர்களுக்குப் புரியற மாதிரி சொல்லணும்னா, விட்வொர்த் திஸ்கி, ஏ.எஃப். யுனிகோடு. ஆனா யுனிகோடு வந்ததும் பழைய திஸ்கி கோப்பெல்லாம் தானா மாறிடலையே? அதே கதைதான் இங்கேயும்.

நம்ம ஊருக்கு வருவோம்

சுதந்திரத்துக்கு அப்புறம் நம்ம நாட்டுல முக்கியமா மூணு கார். கல்கத்தா பக்கம் உத்தர்பாராவுல அம்பாசடர், பம்பாயில பியட், மெட்ராஸ் வண்டலூர்ல ஸ்டாண்டர்டு. பியட் இத்தாலிக் குடும்பம், அதனால மெட்ரிக். அம்பாசடருக்கு 1959 வாக்கில் வந்த 1489 சி.சி. பி.எம்.சி. எஞ்சின் யூனிஃபைட். நம்ம ஸ்டாண்டர்டு ஹெரால்டு 1961-ல் வந்தது. அதோட 948 சி.சி. எஞ்சின் 1950-களில் பிறந்த குடும்பம், அதாவது வாஷிங்டன் ஒப்பந்தத்துக்கு அப்புறம். அதனால ஏ.எஃப்.

வேடிக்கை என்னன்னா, இந்தியாவில் மெட்ரிக் அளவுக்கான சட்டம் 1956-லயே வந்தாச்சு, நயா பைசா 1957-ல் வந்தாச்சு. மளிகைக் கடையில கிலோ வந்த பிறகும் வண்டலூர்ல இருந்து அங்குல நட்டோடதான் கார் வெளியே வந்துட்டிருந்தது.

எல்லாத்தையும் தூக்கிச் சாப்பிடுற கேஸ் ஒண்ணு உண்டு. அம்பாசடருக்கு முன்னாடி வந்த ஹிந்துஸ்தான் 10. அது மோரிஸ் 10 வண்டியோட இந்திய வடிவம். மோரிஸ் எஞ்சின் தொழிற்சாலை ஒரு காலத்துல ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு ஆயுதக் கம்பெனியோடது. முதல் உலகப்போர் சமயத்துல கோவென்ட்ரிக்கு வந்தப்போ கூடவே மெட்ரிக் இயந்திரங்களைக் கொண்டுவந்தாங்க. 1923-ல் மோரிஸ் அதை வாங்கினார். இயந்திரத்தை மாத்தினா செலவு, ஆனா பிரிட்டிஷ் மெக்கானிக் கையில இருக்கிறதோ விட்வொர்த் ஸ்பேனர். என்ன செய்தாங்க தெரியுமா? மரையை மெட்ரிக்ல வெட்டி, தலையை மட்டும் விட்வொர்த் அளவுல வெச்சாங்க! வெள்ளைக்காரனே இதுக்குப் 'பைத்தியக்கார மெட்ரிக்'னு பேர் வெச்சிருக்கான்.

சரி, எந்த ஸ்பேனர்?

அடையாறுல பெரியப்பா வீட்டு வாசல்ல ஒரு ஹெரால்டு நிக்குது. "நீ பாத்துக்கறதா இருந்தா எடுத்துக்கோடா. இல்லேன்னா எடைக்குப் போட்டுடறேன்"னுட்டார். அவர் கோவிச்சுக்கிட்டுச் சொல்லலை. வண்டியைப் பாத்துக்கிட்டிருந்த மெக்கானிக் ஷெட்டை மூடிட்டார், இப்போ பக்கத்துல இருக்கிற பசங்ககிட்ட மெட்ரிக் செட் மட்டும்தான் இருக்கு. அதை வெச்சுத் திறந்தா என்ன ஆகும்னு கணக்குப் போட்டேன்:

7/16 ஏ.எஃப். = 11.11 மி.மீ. 11 ஏறாது, 12 ஆடும்.
1/2 ஏ.எஃப். = 12.70 மி.மீ. 13 ஏறும், 0.3 மி.மீ. ஆடும்.
9/16 ஏ.எஃப். = 14.29 மி.மீ. 14 ஏறாது, 15 ஆடும்.
5/8 ஏ.எஃப். = 15.88 மி.மீ. 16 கிட்டத்தட்ட சரி.
3/4 ஏ.எஃப். = 19.05 மி.மீ. 19 பெரும்பாலும் உக்காரும்.

கால் அங்குல போல்ட்டுக்கு 7/16, 5/16-க்கு 1/2, 3/8-க்கு 9/16. எஞ்சின்ல அதிகம் புழங்குறது இந்த மூணும்தான். சரியா அந்த மூணுலயும் மெட்ரிக் காலை வாருது. ஏறவே ஏறாததால ஆபத்தில்லை. ஏறி ஆடுற 13-தான் எமன். அம்பது அறுபது வருஷத் துருப்பிடிச்ச நட்டுல அந்த 0.3 மி.மீ. இடைவெளியில மொத்த பலமும் ஆறு மூலையிலயும் போய் விழும். மூலை மழுங்கிட்டா அப்புறம் சரியான ஸ்பேனர் வந்தாலும் பிடிக்காது. வெட்டித்தான் எடுக்கணும்.

அதனால ஹெரால்டுக்கு நான் முடிவு பண்ணின பட்டியல்: 3/8-ல இருந்து 3/4 வரைக்கும் ஏ.எஃப். ரிங் ஸ்பேனர் ஒரு செட், அதே அளவுல ஆறு மூலை சாக்கெட் ஒரு செட். டபுள் எண்டு ஸ்பேனர் ரெண்டு பக்கத்தை மட்டுமே பிடிக்கும், ரிங் நுழையாத இடத்துக்கு மட்டும் அது. ஸ்க்ரூ ஸ்பேனருக்கு எஞ்சின் பக்கம் வேலையே இல்லை. ஸ்பார்க் பிளக்குக்குத் தனி பாக்ஸ் ஸ்பேனர், 13/16 அங்குலம். அந்த பிளக்கோட மரை 14 மி.மீ., தலை அங்குலம். பைத்தியக்கார மெட்ரிக் இன்னும் சாகலை பாருங்க :-)

புதுப்பேட்டையில பழைய ஸ்பேனர் பொறுக்கப் போறீங்கன்னா பளபளப்பைப் பாக்காதீங்க, முத்திரையைப் பாருங்க. பின்ன எண்ணோட 'ஏ.எஃப்.' இருந்தா ஹெரால்டுக்கும் அந்தக் கால அம்பாசடருக்கும் ஆகும். 'டபிள்யூ', 'பி.எஸ்.' இருந்தா அதுக்கும் முந்தின வண்டிக்கு. வாய் விரிஞ்சிருந்தா எந்த முத்திரை இருந்தும் பிரயோஜனமில்லை. ஒரு வெர்னியர் கையோட எடுத்துட்டுப் போறது நல்லது.

வண்டலூர்ல 1988-ல் உற்பத்தி நின்னுபோச்சு. அம்பாசடர் 2014-ல் நின்னது. இனிமே இந்த எஞ்சின்களுக்குக் கம்பெனி நட்டு வராது. இப்போ வண்டியில இருக்கிறதுதான் கடைசி. பழைய கார்கள் பெட்ரோல் விலையால சாகுதுன்னு நினைச்சிட்டிருந்தோம். பாதி வண்டி, ஏறி ஆடுற ஒரு ஸ்பேனரால சாகுது. கார் எந்த வருஷம் பிறந்ததுன்னு கேட்காம ஸ்பேனரைக் கையில எடுக்காதீங்க.

மயிலாப்பூர், தி.நகர் பக்கம் பழைய வீட்டுல இருக்கிறவங்களுக்கு ஒரு வேண்டுகோள். பரண் மேல தாத்தாவோட டூல்ஸ் பெட்டி இருக்கும். அதுல மி.மீ. எண் இல்லாம பின்ன எண் போட்ட ஸ்பேனர் கிடைச்சா, தயவுசெஞ்சு பேரீச்சம்பழத்துக்குப் போட்டுடாதீங்க. ஊர்ல யாரோ ஒருத்தர் அதைத் தேடிக்கிட்டிருப்பார்.