ஒற்றை எண்ணிலிருந்து இடைவெளிக்கு: புலிக் கணக்கு கற்பிக்கும் புள்ளியியல்

இடுக்கியின் பெரியாறும் பாலக்காட்டின் பறம்பிக்குளமும் புலிகள் காப்பகங்கள். அவ்விரு காடுகளின் புலிகளும் அடங்கிய தேசியக் கணக்கின் வரலாறு, புள்ளியியல் வகுப்பறைக்கு உகந்த பாடம்.

1972-இல் நடந்த முதல் அனைத்திந்தியக் கணக்கெடுப்பு 1,827 என்றது. ஒடிசாவின் வன அலுவலர் சரோஜ் ராஜ் சௌத்ரி வகுத்த காலடித்தட முறையே பின்னர் நெடுங்காலம் வழக்கிலிருந்தது. தடங்களைப் படியெடுத்து ஒவ்வொரு புலியையும் பிரித்தறியலாம் என்பது அதன் அடிப்படை. எல்லாவற்றையும் எண்ணிவிட்டதாகக் கொண்டால், பிழையின் அளவைக் கேட்க இடமேது? 2005-இல் ராஜஸ்தானின் சரிஸ்காவில் ஒரு புலிகூட எஞ்சவில்லை என்பது வெளிப்பட்டபோது அவ்வுறுதி உடைந்தது.

2006 கணக்கெடுப்பில் தானியங்கிக் காமிராக்கள் வந்தன. உடல்வரிகளைக் கொண்டு புலிகளை அடையாளங்கண்டு, படத்தில் சிக்காதவற்றையும் மதிப்பிட்டனர். விடை 1,411, உடன் 1,165 முதல் 1,657 வரை என்னும் வீச்சு. அறியாமையின் அளவும் அறிக்கையில் இடம்பெற்றது.

இனி வகுப்பறைக்கு வருவோம். 2014-இன் மதிப்பீடு 2,226 (திட்டப்பிழை வீச்சு 1,945–2,491). 2018-இன் மதிப்பீடு 2,967 (2,603–3,346). 33 விழுக்காடு உயர்வு என்று நாடு மகிழ்ந்தது. கணக்கெடுத்த பரப்பு மாறியதை ஒதுக்கி, இரு மதிப்பீடுகளும் சார்பற்றவை எனப் பயிற்சிக்காகக் கொள்வோம். வேறுபாடு 741, அதன் திட்டப்பிழை ஏறத்தாழ 461. விகிதம் 1.6. அது 1.96-ஐ எட்டாமையால், 5 விழுக்காட்டு மட்டத்தில் 'மாற்றமில்லை' என்னும் கருதுகோளை மறுக்க இயலாது.

கருதுகோள் சோதனையை மட்டும் கற்ற மாணவர் இங்கே 'புலிகள் பெருகவில்லை' என்று எழுதிவிடுவார். 1937-இல் ஜெர்சி நேமன் விரித்துரைத்த நம்பிக்கை இடைவெளியையும் அதே எண்களைக்கொண்டு கணக்கிடச் சொல்லுங்கள். 95 விழுக்காட்டு இடைவெளி, ஏறத்தாழ 160 குறைந்ததிலிருந்து 1,640 கூடியது வரை விரிகிறது. சுழி அதனுள் இருப்பதால்தான் சோதனை மறுக்கவில்லை. ஆனால் இடைவெளியின் பெரும்பகுதி உயர்வின் பக்கமே கிடக்கிறது. சான்று போதாமை வேறு, மாற்றமின்மை வேறு என்பது அப்போது கண்முன் விளங்கும்.

சோதனை ஒரு வினாவுக்கு ஆம், இல்லை என விடை தருகிறது. எவ்வளவு, எத்துணைத் துல்லியமாக என்பதை இடைவெளி சொல்கிறது. இரண்டும் ஒரே கணக்கின் இரு முகங்கள். அவற்றை வெவ்வேறு அலகுகளாகப் பிரித்து, முதலாவதைத் தேர்வுக்கும் இரண்டாவதை 'நேரமிருந்தால்' என்றும் ஒதுக்குவது, வீச்சை நீக்கி ஒற்றை எண்ணை மட்டும் அறிவிக்கும் பழைய வழக்கத்துக்கே மாணவரைத் திருப்பி அனுப்புவதாகும்.