அரண்மனை யாருக்குச் சொந்தம்? பக்கிங்ஹாம் முதல் ராயப்பேட்டை அமீர் மஹால் வரை

லண்டன் பக்கிங்ஹாம் அரண்மனையில் 775 அறைகள். ஆனால் மன்னர் சார்லஸால் அதில் ஒரு அறையைக்கூட விற்க முடியாது. அதுவும் விண்ட்சர் கோட்டையும் மன்னர் என்ற பொறுப்போடு வருபவை. அடுத்தவருக்கு அப்படியே போய்விடும். ஸ்காட்லாந்தில் உள்ள பால்மோரல், நார்ஃபோக்கில் உள்ள சாண்ட்ரிங்ஹாம் ஆகியவைதான் சொந்தச் சொத்து.

சரி, நம்ம ஊரில்?

சேப்பாக்கம் கைமாறிய கதை

ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜா 1768-ல் கட்டியது சேப்பாக்கம் அரண்மனை. அவர் காலத்தில் கர்நாடகப் பகுதி முழுக்கப் போர்க்களம். திருவள்ளூரை அடுத்த திருப்பாச்சூர் கோட்டையைக்கூட ஹைதர் அலி படையிடமிருந்து 1781-ல்தான் ஆங்கிலேயத் தளபதி ஐர் கூட் பிடித்தார். போருக்குப் பணம் வேண்டுமே? கடன்தான். கம்பெனியிடமும் அதன் அதிகாரிகளிடமும் நவாப் வாங்கிய கடன் மலையாகக் குவிந்தது.

1801-ல் ஆட்சி அதிகாரம் கம்பெனிக்குப் போனது. மிச்சமிருந்தது பட்டமும் அரண்மனையும். 1855-ல் நவாப் குலாம் கவுஸ் கான் வாரிசின்றி இறந்ததும் பட்டம் பறிபோனது. கடனை அடைக்க அரண்மனை ஏலத்துக்கு வந்தது, 1859-ல் வாங்கியது யார் தெரியுமா? மெட்ராஸ் அரசாங்கமேதான்!

'இளவரசர்' எப்படி வந்தார்?

குடும்பத்தைச் சமாதானப்படுத்த, குலாம் கவுஸின் சித்தப்பா அஜீம் ஜாவுக்கு 1867-ல் விக்டோரியா மகாராணி 'ஆற்காடு இளவரசர்' பட்டம் தந்தார். கூடவே பரம்பரை ஓய்வூதியம். குடியிருக்க ராயப்பேட்டை அமீர் மஹால். அது 1798-ல் கம்பெனி அலுவலகமாகக் கட்டப்பட்டது. கட்டடக் கலைஞர் ராபர்ட் சிஷோம் அதை அரண்மனையாக மாற்றினார்.

1971-ல் மன்னர் மானியம் ஒழிந்ததே, இது மட்டும் எப்படித் தப்பியது? அந்த மானியம் இந்திய ஒன்றியத்தில் இணைந்த சமஸ்தான ஆட்சியாளர்களுக்கானது. ஆற்காடு அப்போது சமஸ்தானமே இல்லை. இது பிரிட்டிஷ் அரசு கொடுத்த வாக்கு. இந்திய அரசு அதைத் தொடர்கிறது. அமீர் மஹாலைப் பராமரிப்பதும் மத்திய பொதுப்பணித் துறைதான். குடியரசில் இது தேவையா என்று கேட்பவர்களின் கேள்வியிலும் நியாயம் இல்லாமலில்லை.

தீ கற்றுத்தந்த வித்தியாசம்

1992-ல் விண்ட்சர் கோட்டை எரிந்தபோது, செலவை யார் தருவது என்று பிரிட்டனில் பெரிய சர்ச்சை. விளைவு, மறு ஆண்டே பக்கிங்ஹாம் அரண்மனை கட்டணத்தோடு மக்களுக்குத் திறக்கப்பட்டது. 2012 ஜனவரியில் சேப்பாக்கம் கலஸ் மஹால் எரிந்தது. சீரமைத்த பிறகு அங்கே இயங்குவது தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு.