பழைய டயர் மறுபடியும் ரப்பராகுமா? சிலாங்கூர் தோட்டத்தில் பிறந்தவர் தேடிய விடை

கோலசிலாங்கூர், பத்தாங் பெர்ஜுந்தை, ஈஜோக் பக்கம் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு ஒட்டுப்பால் தெரியும். மங்கில் உறைந்தது, வெட்டுக்கோட்டில் காய்ந்தது என எல்லாவற்றையும் பொறுக்கி, ஸ்டோரில் நிறுத்துக் கொடுப்பார்கள். அதுவும் காசுதான். ஆனால் அதே பால் டயராகிவிட்டால் கதை வேறு. தேய்ந்த டயரை உருக்கி மறுபடி ரப்பராக்க முடியாது. ஏன்?

கந்தகம் போட்ட பாலம்

ரப்பர் என்பது நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகள். பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைத்துப் போகும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் இந்தக் குறை நீங்கும் என்று 1839இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்தார். சங்கிலிகளுக்கு நடுவே கந்தகம் பாலம் போட்டு இறுக்கிவிடுகிறது. டயரின் உறுதி அதனால்தான். பிளாஸ்டிக் போத்தல்போல் உருகாமல் கருகிப் போவதும் அதனால்தான்.

பாலத்தை மட்டும் அறுக்கலாமா?

சங்கிலி கெடாமல் கந்தகப் பாலத்தை மட்டும் ரசாயனத்தால் அறுத்தால், ரப்பர் திரும்பக் கிடைக்கும். இதற்கு வழி தேடியவர்களில் ஒருவர் நம்ம சிலாங்கூர்க்காரர், டான்ஸ்ரீ டாக்டர் பி.சி.சேகர். 1929இல் சுங்கை பூலோ பக்கம் உலு பூலோ ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். 1966இல் ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் இயக்குநரான முதல் ஆசியர். 1973இல் மக்சேசே விருது பெற்றார்.

பின்னாளில் ரஷ்ய விஞ்ஞானி கோர்மர் குழுவினருடன் சேர்ந்து 'டீலிங்க்' என்ற முறையை உருவாக்கினார். 1998இல் அதற்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. டயரைத் தூளாக்கி, ஒரு ரசாயனக் கலவை சேர்த்து, இரட்டை உருளை மில்லில் அரைப்பார்கள். அதிக சூடு தேவையில்லை. டயர் செய்யும்போது கந்தகம் வேகமாகப் பிணைய எந்த வகை ரசாயனங்களைச் சேர்ப்பார்களோ, அதே வகைதான் இங்கே பிணைப்பை அவிழ்க்க உதவுகிறது. கிடைக்கும் ரப்பரை மறுபடி அச்சில் வார்க்கலாம்.

பிறகு ஏன் டயர் குவிகிறது?

பாலத்தை அறுக்கும்போது சில சங்கிலிகளும் அறுந்துவிடும். அதனால் பலம் குறையும். புது ரப்பரோடு ஒரு பங்காகக் கலந்து, காலணி அடிப்பாகம், தரைவிரிப்பு போன்றவற்றுக்குத்தான் பெரும்பாலும் பயன்படும். தவிர, டயரில் செயற்கை ரப்பர், கரித்தூள், இரும்புக் கம்பி, நூலிழை எல்லாம் கலந்திருக்கும். பிரித்தெடுக்கச் செலவாகும்.

இன்னொரு வழி, காற்றில்லாமல் சூடாக்குவது. இதில் எண்ணெய், கரி, இரும்பு கிடைக்கும், ரப்பர் கிடைக்காது. சரியாக நடத்தாவிட்டால் புகையும் எண்ணெய்க் கழிவும் பக்கத்தில் வசிப்பவர்களுக்குத்தான் தொல்லை.

நாம் என்ன செய்யலாம்?

• டயர் மாற்றும்போது பழையதைக் கடையிலேயே விடுங்கள். யார் எடுத்துப் போகிறார்கள் என்று கேளுங்கள்.
• வீட்டில் இருந்தால் மழை படாமல் வையுங்கள். உள்ளே தேங்கும் கொஞ்சம் தண்ணீரே ஏடிஸ் கொசுவுக்குப் போதும்.
• செம்பனைக் காட்டோரம் வீசாதீர்கள், எரிக்காதீர்கள். டயர் புகை நச்சு. திறந்தவெளியில் எரிப்பது 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றம்.

எரித்த டயரை எந்த ரசாயனத்தாலும் மீட்க முடியாது. ஆலைக்குப் போய்ச் சேரும் டயருக்கு மட்டுமே இன்னொரு வாய்ப்பு உண்டு.