கல்லில் நின்ற ஒரு பெயர்

கண்டியின் சரித்திரம் என்றதும் தலதா மாளிகையும், அதன் அருகிலுள்ள ஏரியும், 1815-ஆம் ஆண்டில் முடியிழந்த ஸ்ரீ விக்கிரமராசசிங்கனுமே நம் நினைவிற்கு வருவன. நாம் பயின்ற மிஷன் பாடசாலையிலும் சரித்திர பாடம் அரசரில் தொடங்கித் தேசாதிபதியில் முடிந்தது. கல்லைச் செதுக்கியவன் யாரென்று ஆசிரியர் கூறவில்லை, நாமும் கேட்டோமில்லை.

ஆனால் நகரிலிருந்து கொழும்புப் பாதையிற் சென்று, பிலிமத்தலாவையில் திரும்பிச் சிறிது தூரம் போவோமாயின், கடலாதெனிய விகாரையில் அவ்வினாவிற்கு விடை கிடைக்கும். கம்பளையிலிருந்து ஆண்ட நான்காம் புவனேகபாகுவின் காலத்தில், 1344-ஆம் ஆண்டில், தர்மகீர்த்தி தேரர் இதனை எடுப்பித்தார். அங்குள்ள பாறைச் சாசனம் தலைமைச் சிற்பியின் பெயரையும் மறவாது பொறித்திருக்கிறது. அவர் பெயர் கணேசுவராசாரி. தென்னாட்டிலிருந்து வந்தவர். தேரரோ ஆந்திர தேசத்து அமராவதியில், அந்நாளைய தான்யகடகத்தில், இருமாடிப் படிமக் கோயிலொன்றைப் புதுப்பித்தவர். அத்தகையவர் தென்னாட்டுச் சிற்பியை அழைத்ததில் வியப்பில்லை.

விகாரை கல்லாலானது. கருவறைமேல் எண்கோணச் சிகரம் எழுந்து நிற்கிறது. தூரத்தே நின்று பார்ப்பவர் நம் கோயில் விமானமோ என்று மயங்குவர்; உள்ளே சென்றாற் புத்தபெருமான் வீற்றிருக்கிறார். ஒரு பக்கத்தில் விஷ்ணுவிற்கும் சந்நிதி உண்டு. யாத்திரிகர் பலர் அண்ணாந்து சிகரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புகின்றனர். அடித்தளக் கல்லிலே ஆடுவோரும் மத்தளம் கொட்டுவோருமாக ஒரு வரிசை செல்கிறது. முதன்முறை சென்றபோது நாமும் அதனைக் காணவில்லை. செருப்பைக் கழற்றக் குனிந்தபோதுதான் கண்டோம்!

அங்கிருந்து நடந்தே செல்லக்கூடிய தூரத்தில் இலங்காதிலக விகாரை, பன்கல்கல என்னும் பாறைமேல் நிற்கிறது. அதே அரசன் காலத்தில் அமைச்சர் சேனாலங்காதிகாரர் கட்டுவித்தது. தபதி இராயர் என்பவர் அமைத்தது. மேல்மாடிகள் பிற்காலத்தில் இடிந்தன. புத்தர் இருக்கும் நடுமனையைச் சூழ விபீஷணன் முதலிய தெய்வங்களுடன் கணபதியும் கந்தகுமாரனும் இடம் பெற்றிருக்கின்றனர். பாறையிலே சிங்களத்தில் ஒரு சாசனம். தமிழிலும் ஒரு சாசனம்.

இவ்விடத்தில் நம் பெரியோர் சிலருடன் நாம் வேறுபட வேண்டியிருக்கிறது. "தமிழன் கட்டியது, ஆகவே நம்முடையது" என்று அவர்கள் மார்தட்டுவதைக் கேட்டிருக்கிறோம். தென்னாட்டுக் கைகளே வேண்டாமென மறைப்போரும் உளர். இருசாராரும் சாசனத்தைப் படியாதவர்களே. கட்டுவித்தவர் பௌத்த தேரரும் சிங்கள மன்னனின் அமைச்சரும்; சிற்பிக்குரிய பெயரை அவர்கள் மறுக்கவில்லை. விகாரையின் செய்தியைத் தமிழிலும் வெட்டுவித்தார்கள் என்றால், அதனைப் படிக்கத்தக்க தமிழர் அம்மலைச்சாரலில் அன்றே இருந்தனர் என்றோ, வந்து போயினர் என்றோ கொள்ளவேண்டும். தேயிலைத் தோட்டங்கள் தோன்றுவதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட செய்தி இது. மலைநாட்டில் தமிழ் எழுத்துக் கோப்பித் துரைமாரோடு வந்ததென்று எண்ணியிருந்த நமக்கு அதுவே பெரிய அதிர்ச்சி.

பழைய தமிழெழுத்தைப் படிக்கவல்ல பெரியோர் ஒருவர் துணை வருவாராயின், மன்ற இளைஞர் ஒரு ஞாயிற்றுக்கிழமை இவ்விரு விகாரைகளுக்கும் சென்று வரலாம். காலையிலேயே புறப்படுவது நல்லது; பக்கவாட்டில் வெயில் விழும்போதுதான் எழுத்துத் தெளிவாகத் தெரியும்.